செவெரோ மாமா வரையாமல் விடும் ஒன்று

என் மாமா செவெரோ தூரிகை கழுவுவதால்தான் ரியோ கிராந்தே ஆறு கலங்கலாக ஓடுகிறது. அவர் வரைந்த மான் ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் காகிதத்தை விட்டு இறங்கிப் போய் இலாரியோ பெரியப்பாவின் சோளக்கொல்லையை மேய்ந்துவிட்டது. வேலி சாய்ந்த இடத்தில் இன்றைக்கும் பழுப்பு வண்ணம் ஒட்டியிருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வானவில் எங்கள் பள்ளத்தாக்குக்கு வரும்போதெல்லாம் முதலில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, ஒரு சிட்டிகை மஞ்சள் இரவல் கிடைக்குமா என்று மாமாவைக் கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறும்.

சரி, நிஜத்துக்கு வருகிறேன். மாமாவுக்கு வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், சண்டைக்குப் போயிருந்த நாலு வருஷத்தில் நல்ல பெண்களையெல்லாம் மற்றவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்பார். ராணுவத்தில் அவர் சமையல்காரர். சுட்டது முழுக்க ரொட்டிதான். இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை, மேட்டின் மேல் அரசாங்கம் கட்டியிருக்கிற ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கிறார். ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. காலையில் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், "அழுக்குப் பண்றாங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

மற்ற நேரமெல்லாம் படம். சனி, ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்ததும் அதே மேசையில் காகிதம் விரிப்பார். வண்ணம் சரியாக இருக்கிறதா என்று இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு தீற்று தீற்றிப் பார்ப்பார். அதனால் அந்த நகம் வாரத்துக்கு ஒரு நிறம். ஒருமுறை நீல நகத்தோடு வேலைக்குப் போனதில், மேட்டு வாசலில் காவலாளிகள் பதறிப்போய் அவரை ஒதுக்கி நிறுத்தி, கதிர்வீச்சு ஒட்டியிருந்தால் டிக்டிக் என்று சத்தம் போடுகிற பெட்டியை அவர் விரலில் வைத்துச் சோதித்தார்கள். பெட்டி பேசவில்லை. மாமாவும் பேசவில்லை. மறுவாரம் மஞ்சள் நகத்தோடு போனார்.

அவர் வரைவது ஆட்டக்காரர்களை மட்டும். மான் ஆட்டம், கழுகு ஆட்டம், சோள ஆட்டம், காட்டெருமை ஆட்டம் என்று எங்கள் செவ்விந்திய ஊர்ச் சதுக்கத்தில் வெளியூர்க்காரர்களும் வந்து நின்று பார்க்கிற ஆட்டங்கள். கீவா என்கிற, ஏணி வழியாக இறங்கும் சடங்கு அறைக்குள்ளே நடப்பதை வரைய மாட்டார், அதைப் பற்றிப் பேசவும் மாட்டார். ஆட்ட நாளில் சதுக்கத்தில் பென்சிலை எடுக்கக் கூடாது என்பது ஊருக்கே தெரிந்த சட்டம். ஆகவே எல்லாம் மனதிலிருந்துதான். காகிதத்தின் நடுவில் ஒரே ஒரு ஆட்டக்காரன் இருப்பான். பின்னால் வானம் கிடையாது, கீழே மண் கிடையாது. ஒரு கால் தூக்கியிருக்கும், இன்னொரு கால் வெறும் வெள்ளையில் ஊன்றியிருக்கும்.

"தரையை ஏன் மாமா விட்டுட்டீங்க? சோம்பேறித்தனமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தரை எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும். உனக்கு எதுக்கு?" என்றார்.

எனக்குப் பதினாறு வயது. எட்டாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் பேசிவைத்தது போல் ஒருவரை ஒருவர் கைவிட்டோம். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன், அம்மாவுக்கு உதவியாக. உதவி என்பது என் வார்த்தை. அம்மா வேறு வார்த்தை சொல்வாள். மாமாவின் காப்பிக் கோப்பையையும் தூரிகை கழுவும் கோப்பையையும் ஒருநாள் இடம் மாற்றி வைத்தேன். வரைந்துகொண்டே எடுத்து ஒரு வாய் குடித்தார். குடித்து முடித்து, "அக்கா, இன்னிக்குக் காப்பில பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டில் சோளக்கஞ்சி எப்போதும் நீலம்தான், சோளமே நீலம். மறுநாள் காலை எனக்கு மட்டும் சிவப்பாக வந்தது. வண்ணம் இல்லை, மிளகாய்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், போன இலையுதிர் காலத்தில், மாமா படங்களில் ஒரு தப்பு இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

காட்டெருமை ஆட்டக்காரன் உடம்பில் இருக்கிற ஒரு சின்னப் பொருள் படத்தில் இல்லை. என்ன பொருள், எங்கே என்று எழுத மாட்டேன். சுண்டுவிரல் நீளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருந்த பழைய படங்களைப் புரட்டினேன். அவற்றிலும் இல்லை. அதே நேரத்தில் மாமா கடிதங்களைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்திருந்தார். ஊசியில் நூல் கோக்க அம்மாவிடம் கொடுத்தார். நான் இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். கணக்கில் நான் எப்போதும் மட்டம்தான், ஆனால் அன்றைக்கு அது தெரியவில்லை. மாமாவுக்குக் கண் போகிறது, சின்னச் சின்னது எல்லாம் அவருக்கு மறைகிறது, யாருக்கும் சொல்லாமல் சமாளிக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சாண்டா ஃபே கடைக்காக ஒரு பெரிய காட்டெருமை ஆட்டக்காரனை முடித்துக் காய வைத்துவிட்டு வேலைக்குப் போனார். கடை வண்டி மத்தியானம் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. நான் மேசைப் பக்கம் போய் நின்றேன். அந்த இடம் காலியாகவே இருந்தது. கடையில் யாராவது பார்த்து, கிழவனுக்குக் கை போச்சு என்று சொல்லிவிட்டால்? மெல்லிய தூரிகையை எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு கோடு. இதுவரை நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். யாருக்கும் சொல்லவில்லை. அம்மா வந்து, அட்டை வைத்து மாவுச் சாக்கில் சுற்றி வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டாள்.

ஜனவரி ஆறாம் தேதி இலாரியோ பெரியப்பா அந்த வருஷத்துக்கு ஊர்க் கவர்னராக, அதாவது ஊர்த் தலைவராக, பதவிக் கோல் வாங்கினார். அதே வாரம் ஆட்டக்காரர்கள் பெயரும் வந்தது. மாதக் கடைசியில் நடக்கிற காட்டெருமை ஆட்டத்தில் இரண்டு எருமைகளில் ஒருவராக மாமாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இருபத்தேழு வருஷமாக மற்றவர்கள் எருமையாக ஆடுவதை வரைந்தவர். இதுவரை பாட்டுக்காரர்கள் வரிசையில்தான் நின்றிருக்கிறார். செய்தி வந்த அன்று அடுப்புக்கு விறகு எடுத்துவரப் போனவர், விறகு இல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெரியப்பா கையில் கோலோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார். கோலோடு வந்தால் அது விருந்தாளி இல்லை. அம்மா கொடுத்த ரொட்டியைத் தொடவில்லை.

"செவெரோ, அடுப்புக் குழாய் வாங்க சாண்டா ஃபே போயிருந்தேன். கடைக் கண்ணாடியில உன் படத்தப் பாத்தேன்."

"எருமைதானே அண்ணே? நல்லா வந்திருந்துச்சு."

"ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒண்ணு விடாம வந்திருக்கு."

மாமாவின் கையில் இருந்த தூரிகை நின்றது.

"இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால எங்ககிட்ட என்ன சொன்னே?" என்றார் பெரியப்பா. "ஒண்ண விட்டுடுவேன்னே. அத விட்டாத்தான் அது வெறும் படம்னே. அதனாலதானே உன்ன வரைய விட்டோம்? ஆட்டத்தப் பாத்துட்டுப் போறவங்க மறந்துடுவாங்க. காகிதம் மறக்காது. அந்த உடுப்ப அப்படியே தச்சு, கடையில மாட்டி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் அடுப்புக்குப் பின்னால் இருந்தேன். அடுப்பு சூடாக இருந்தது, எனக்குக் குளிர்ந்தது.

"நான் விட்டுட்டுதான் வரைஞ்சேன் அண்ணே."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"

"ஏன்டா, ஒழுங்காப் பதில் சொல்லுடா!" என்று அம்மா அவள் பங்குக்குக் குரல் கொடுத்தாள்.

"போய்ப் பாத்துடுவோம். சனிக்கிழமை" என்றார் மாமா.

"பாத்துட்டு வர்ற வரைக்கும் ஒத்திகைக்கு வராதே" என்று எழுந்தார் பெரியப்பா. "ரகசியத்த வித்துட்டேன்னு ஆச்சுன்னா எருமையும் இல்ல, தூரிகையும் இல்ல. எனக்கு இது சந்தோஷமான வேலைன்னு நினைச்சுக்காதே."

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் மேளச் சத்தம் கேட்டது. மாமா மேசையில் உட்கார்ந்து ஒன்றும் வரையாமல் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார், மேளத்தோடு சரியாக. நான் ஐந்து முறை அவர் முன்னால் போய் நின்றேன். ஐந்து முறையும் வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பெரியப்பாவின் வண்டியில் கிளம்பினார்கள். அம்மாவுக்குச் சிவப்பு நூல் வேண்டும் என்று சொல்லி நானும் நடுவில் ஏறிக்கொண்டேன். அம்மாவிடம் சிவப்பு நூல் மூன்று கண்டு இருக்கிறது.

கடைக்காரர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர், எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படுவார். மாமாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார். "செவெரோ! இத்தனை வருஷத்துல நீங்க வரைஞ்சதுல இதுதான் முழுசா இருக்கு. என்னன்னு சொல்லத் தெரியல. ஏதோ ஒரு நிறைவு!"

பெரியப்பா கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

மாமா படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு மூன்று அடி பின்னால் போனார். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம் பார்த்தார். நான் கூரையில் இருந்த மின்விசிறியை எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது.

"என் தப்புதான் அண்ணே" என்றார் மாமா. "மறந்து போட்டுட்டேன் போல. கை தானா போயிருக்கு."

பிறகு கடைக்காரரிடம், சட்டத்தைக் கழற்றித் தரச் சொல்லி, ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு தூரிகையும் கேட்டார். ஏற்கெனவே விற்ற படம், சிகாகோ அம்மா ஒருவர் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வார் என்று கடைக்காரர் கெஞ்சினார். மாமா காதில் வாங்கவில்லை. ஈரத் தூரிகையால் அந்த இடத்தை மெல்ல மெல்லத் தடவினார், கைக்குட்டையால் ஒற்றினார், மறுபடி தடவினார். நீர்வண்ணம் லேசில் போகாது. என் ஆறு கோடும் கரைந்து, ஒரு மங்கல் கறையாக நின்றது. கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். (அந்தச் சிகாகோ அம்மா, கறைதான் படத்துக்கே அழகு என்று சொல்லி வாங்கிப் போனதாகப் பிறகு கேள்வி.)

வண்டி ஊர்ப் பக்கம் திரும்பியதும் பெரியப்பா சொன்னார்: "நீ வித்திருக்க மாட்டேன்னு எனக்கும் தெரியும். வரைஞ்சுக்கோ. ஆனா ஆட்டத்துக்கு வேற ஆளப் பாக்கறேன்."

"ஏன் அண்ணே?"

"நீயே சொன்னியே, மறந்துட்டேன்னு. இருபத்தேழு வருஷமா மறக்காதத மறந்தவன், அன்னிக்குக் காலைல எத மறப்பியோ? எருமை அடி மாத்தி வச்சா ஆட்டமே போச்சு. ஊருக்கே அது நல்லதில்ல."

மாமா சாலையைப் பார்த்துக்கொண்டு, "சரி அண்ணே" என்றார். அவ்வளவுதான். கட்டைவிரல் நகத்தில் அந்த வாரத்து நிறம் இல்லை. வெறும் நகம்.

ஒட்டகப் பாறை தாண்டியதும் பெரியப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தேன். "பெரியப்பா, வண்டிய நிறுத்துங்க."

"என்னடி, வாந்தியா?"

"நான்தான் போட்டேன். அந்த ஆறு கோடும் நான் போட்டது."

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஃபெலீசா, போன வருஷம் என் வண்டிக்கு அடியில ஆட்டு மணி கட்டிவிட்டது யாரு? பத்து நாள் ஆட்டைத் தேடி அலைஞ்சேனே. இது அடுத்ததா? மாமனக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு பாத்தாலே தெரியுது."

"சத்தியமாப் பெரியப்பா!"

"சத்தியம் வேற."

என் வாழ்க்கையில் முதல் முறையாக முழு உண்மை சொல்கிறேன், வாங்க ஆள் இல்லை. அழுதுவிடுவேனோ என்று பயந்து கண்ணாடியில் இருந்த அழுக்கைச் சுரண்டினேன்.

"அவ சொல்றது நிஜம் அண்ணே" என்றார் மாமா.

வண்டி நின்றது.

"என் கோடு வலப்பக்கம் சாயும். அந்தக் கோடு ஆறும் இடப்பக்கம் சாய்ஞ்சிருந்துச்சு. நம்ம வீட்டுல இடதுகைக்காரி ஒருத்திதான்."

"கடையிலயே தெரியுமா உனக்கு?"

"பாத்ததும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு மறந்துட்டேன்னே?"

"என்னத் திட்டி ஊருக்குப் பழக்கம். இவ இனிமேதான் இந்த ஊர்ல வாழணும்."

பெரியப்பா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எதுக்குடி பண்ணினே?"

"மாமாவுக்குக் கண்ணு தெரியலன்னு நினைச்சேன். கடையில யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னு..."

"எனக்கு எட்டத்துல இருக்கற தப்பெல்லாம் நல்லாத் தெரியும்" என்றார் மாமா. "கிட்டத்துல இருக்கறதுதான் கொஞ்சம் மங்கல்."

"கிட்டத்துல இருக்கறது இவதான்" என்றார் பெரியப்பா. வண்டியைக் கிளப்பினார். ஆற்றுப் பாலத்தின் மேல் தீர்ப்புச் சொன்னார்: "நாளையிலேருந்து ஒத்திகைக்கு வா செவெரோ. நீ, ஃபெலீசா, ஒத்திகை முடியற வரைக்கும் விறகு உன் பொறுப்பு. வெட்டி, சுமந்து, கீவா ஏணிக்குப் பக்கத்துல அடுக்கணும். உள்ள எட்டிப் பாத்தே, அடுத்த வருஷமும் நீதான்."

"எட்டிப் பாக்க மாட்டேன் பெரியப்பா."

"மணி எதுவும் கட்டவும் கூடாது."

ஜூனிப்பர் விறகு பச்சையாக இருந்தால் எவ்வளவு கனம் என்று யாராவது தெரிந்துகொள்ள விரும்பினால் என் தோளைக் கேட்கலாம். பத்து நாள் சுமந்தேன். ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரே ஒருமுறை காது கொடுத்தேன். காதைப் பற்றிப் பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டத்தன்று விடியற்காலையில் மலைச்சரிவிலிருந்து எருமைகள் இறங்கி வந்தன. பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் மேளம் கேட்டது, பிறகு வெள்ளைக்குள் கறுப்பாக இரண்டு உருவம். கீழே மண் தெரியவில்லை, பின்னால் வானம் தெரியவில்லை. எங்கும் வெறும் காகித வெள்ளை, நடுவில் ஒரு கால் தூக்கி மாமா. தரை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடி ஒன்றுகூட மாறவில்லை. அவர் உடம்பில் எல்லாம் இருந்ததா என்று பார்த்தேன். ஒன்று விடாமல் இருந்தது. மற்றதை எழுத மாட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, மூக்கைத் துடை என்று சைகை காட்டினாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது, அதனால்தான்.

அதற்கப்புறம் அந்தக் கடைக்காரர், படங்களுக்குப் பின்னால் ஒட்ட ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பு அரைப் பக்கம் வேண்டும் என்று கடிதம் போட்டார். என்னை எழுதச் சொன்னார் மாமா. நான் எழுதியது அரைப் பக்கத்தில் அடங்கவில்லை, கடைக்குக் கொடுக்கவும் முடியாது. கடைசியில் மாமாவே எழுதி அனுப்பினார்: "இங்கே பிறந்தேன். இங்கே இருக்கிறேன். வரைகிறேன்."

நான் எழுதியதை நேற்று மத்தியானம், தட்டுகளை எடுத்த பிறகு, கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். ஆறு கலங்கிய இடத்தில் மூக்கால் சிரித்தார். காப்பி இடத்தில், "மூணு வாய் குடிச்சேன், ஒண்ணில்ல" என்றார். கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டு, பச்சை நகத்தை ஒரு வரியின் அடியில் வைத்தார்.

"ஃபெலீசா."

"ம்."

"ஆட்டத்தன்னிக்குக் காலையிலேருந்து பனி கொட்டிச்சு. முழங்கால் வரைக்கும்."

"ம்."

"தூசி எங்கேருந்துடி வந்துச்சு?"